தோட்ட நிலமும் வரிச் சட்டமும்
கணக்காயர் தேர்வின் மேல்நிலைப் பாடம் ஒன்று

ஈப்போவிற்குத் தெற்கே, சுண்ணாம்பு மலைகளின் அடியில், கேமரன் மலைக்குச் செல்லும் சாலை பிரியும் இடம் சிம்பாங் பூலாய். இவ்வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பல கைமாறி வீடமைப்புப் பகுதிகளாக உருமாறியுள்ளன. தோட்டம் விற்கப்படும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. விற்றவர் பெற்ற இலாபத்திற்கு வரி உண்டா? உண்டெனின் எந்தச் சட்டத்தின்படி? வேலை இழந்த தொழிலாளிக்குக் கிடைக்கும் பணத்திற்கும் வரி உண்டா? இவற்றிற்கு விடை காணும் அறிவையே கணக்காயர் தேர்வின் 'மேல்நிலை வரிவிதிப்பு' என்னும் பாடம் புகட்டுகின்றது.

1904-ஆம் ஆண்டு பிரிட்டனில் தோன்றிய ஏசிசிஏ கழகத்தின் தேர்வை நம் இளைஞர் பலர் எழுதுகின்றனர். அதன் தொடக்க நிலையில் வரியைக் கணக்கிடக் கற்கின்றனர். மேல்நிலையிலோ கணக்கிடுமுன் சிந்திக்கக் கற்க வேண்டும். தொடக்க நிலை வினா, 'வருமானம் இவ்வளவு, வரி எவ்வளவு?' என்று கேட்கும். மேல்நிலை வினா, 'இது வருமானந்தானா?' என்று கேட்கும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை உணராதவர்களே இப்பாடத்தில் இடறுகின்றனர்.

சட்டம் வந்த வழி

மலாயாவில் வருமான வரி 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1948 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று ஆட்சி செலுத்துவது 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம். 1968 சனவரி முதல் நாள் அது செயற்பட்டது. நிலத்தை வாங்கி விற்றுப் பெறும் ஆதாயத்திற்கென 1974-இல் நில ஊக வணிக வரிச் சட்டமும், அதன் இடத்தில் 1976-இல் நிலச்சொத்து ஆதாய வரிச் சட்டமும் வந்தன. ஆகவே ஒரே விற்பனையின்மேல் இரண்டு சட்டங்கள் கண் வைக்கின்றன. வணிக இலாபமாயின் வருமான வரி. மூலதன ஆதாயமாயின் நிலச்சொத்து வரி. ஒரே ஆதாயத்தின்மேல் இரண்டும் சேர்ந்து விழா. எது விழும் என்பதே வழக்கு.

ஜொகூர்த் தோட்டம் தந்த தீர்ப்பு

இவ்வழக்கின் வேர் நம் மண்ணிலேயே இருக்கின்றது. 'தெப்ராவ் ஜொகூர் ரப்பர் சிண்டிகேட்' என்னும் நிறுவனம் மலாய்த் தீபகற்பத்தில் தோட்டங்களை வாங்கி ரப்பர் பயிரிடத் தொடங்கப்பட்டது. இரு தோட்டங்களை வாங்கியபின் அவற்றைப் பண்படுத்த முதல் போதவில்லை. ஆதலின் அவற்றை வேறொரு நிறுவனத்திற்கு இலாபத்துடன் விற்றது. 1910-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நீதிமன்றம், அவ்விலாபம் வணிக வருமானமன்று, மூலதனத்தின் ஏற்றமே எனத் தீர்ப்பளித்தது.

இதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1904-இல், கலிபோர்னியச் செம்புச் சிண்டிகேட்டின் வழக்கில் அதே நீதிமன்றம் நேர்மாறாக முடிவு செய்தது. அந்நிறுவனத்திற்கும் சுரங்கத்தை நடத்த முதல் இல்லை; அதுவும் நிலத்தை மற்றொரு நிறுவனத்திற்கு விற்றது. வேற்றுமை யாது? செம்பு நிறுவனம் தோன்றியதே விற்று இலாபம் காண்பதற்காக. ரப்பர் நிறுவனமோ பயிரிடுவதற்காகத் தோன்றியது. செயல் ஒன்றாயினும் கருத்து வேறு. கருத்தின்படியே வரி அமைந்தது.

கருத்தோ மனத்துள் இருப்பது. அதை எவ்வாறு அறிவது? 1955-இல் பிரிட்டனின் அரச ஆணையம் ஆறு அடையாளங்களைத் தொகுத்துக் கூறியது: பொருளின் தன்மை, வைத்திருந்த காலம், எத்தனை முறை இத்தகைய விற்பனை நடந்தது என்பது, விற்பதற்காகச் செய்த கூடுதல் வேலை, விற்க நேர்ந்த சூழ்நிலை, நோக்கம். எந்த ஒன்றும் தனியே முடிவு சொல்லாது. எல்லாவற்றையும் சேர்த்து நோக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய தோட்டத்தை அப்படியே விற்றால் அது மூலதனம் எனக் கூறுவது எளிது. அதே தோட்டத்தை மனைகளாகப் பிரித்துச் சாலையிட்டு விளம்பரம் செய்து விற்றால்?

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு நிறுவனம் 20 இலட்சம் ரிங்கிட்டுக்கு வாங்கிப் பல்லாண்டு பயிரிட்ட தோட்டத்தை மனைகளாக்க முடிவு செய்கின்றது எனக் கொள்வோம். அந்நாளில் நிலத்தின் சந்தை மதிப்பு 80 இலட்சம். மேம்பாட்டுச் செலவு நீக்கி இறுதியில் கிடைத்தது 120 இலட்சம். மொத்த ஆதாயம் 100 இலட்சம்.

முழுவதும் வணிகம் என்றால் 24 விழுக்காடு வருமான வரி, அதாவது 24 இலட்சம். முழுவதும் மூலதனம் என்றால், ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருந்த நிறுவனத்திற்கு 10 விழுக்காடு, அதாவது 10 இலட்சம். ஆனால் சட்டம் நடுவழி ஒன்றும் வகுத்துள்ளது. நிலையான சொத்து வணிகச் சரக்காக மாறும் நாளில், சந்தை மதிப்பிற்கு அது விற்கப்பட்டதாகவே கருதப்படும். அதன்படி முதல் 60 இலட்சத்திற்கு நிலச்சொத்து வரி 6 இலட்சம். எஞ்சிய 40 இலட்சத்திற்கு வருமான வரி 9 இலட்சத்து 60 ஆயிரம். கூட்டினால் 15 இலட்சத்து 60 ஆயிரம். கூட்டல் கழித்தலைப் பள்ளி மாணவனும் செய்வான். நோக்கம் மாறிய நாள் எது என்பதை இயக்குநர் கூட்டக் குறிப்பு, நில மாற்ற விண்ணப்பம், மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவற்றால் நிறுவுவதே கணக்காயரின் வேலை.

தொழிலாளியின் பங்கு

1950-களின் இறுதியிலும் 1960-களிலும் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையோடு குடியிருப்பையும் இழந்தோர் நம்மவரே. அத்துயரைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகையே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. கூட்டுறவுச் சங்கங்களுக்கு வரிச் சட்டம் தனி விதி வகுத்திருக்கின்றது: பதிவான முதல் ஐந்தாண்டுகளுக்கும், பின்னர் உறுப்பினர் நிதி ஏழரை இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவாக இருக்கும் ஆண்டுகளுக்கும் வருமான வரி விலக்கு உண்டு.

தோட்டம் விற்கப்பட்டு வேலை இழந்தவர்க்குரிய இழப்பீட்டில், முழுமையாகப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் 10,000 ரிங்கிட் வரை வரி இல்லை. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர் ஆண்டொன்றுக்கு இருபது நாள் ஊதியத்தையேனும் பெற வேண்டும். பால் வெட்டுபவரின் இருபது நாள் ஊதியம் அவ்வரம்பை எட்டுவது அரிது. ஆகவே அத்தொகை முழுவதும் அவருடையதே. ஆயினும் அதே பணத்தைக் கடிதத்தில் 'ஊதிய நிலுவை' என்று எழுதிவிட்டால் இவ்விலக்குக் கிட்டாது. ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு தங்கியிருக்கின்றது.

கற்கும் முறை

வரி விகிதங்கள் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு மாறலாம்; அவற்றை மட்டும் மனனம் செய்தவன் அடுத்த ஆண்டே பழையவனாவான். 2001 முதல் நிறுவனங்களும், 2004 முதல் தனியாட்களும் தம் வரியைத் தாமே கணித்துச் செலுத்துகின்றனர். 2025 முதல் நிலச்சொத்து ஆதாய வரியும் அம்முறைக்கு வந்துவிட்டது. முன்பு அதிகாரி செய்த முடிவை இன்று குடிமகனே செய்ய வேண்டியிருக்கின்றது. பிழையின் தண்டமும் அவனுக்கே. ஏழாண்டு ஆவணங்களைக் காத்து வைப்பதும் அவன் கடனே.

ஆதலின் மாணவர் முதலில் நிகழ்ச்சியை நாள் வரிசைப்படுத்த வேண்டும். அடுத்து எந்தச் சட்டம் என்று தெளிய வேண்டும். மூன்றாவதாக மாற்று வழிகளை ஒப்பிட வேண்டும். எண்ணைக் கடைசியில் எழுத வேண்டும். வரியை முறைப்படி குறைப்பதற்கும் மறைப்பதற்கும் உள்ள எல்லையையும் மறத்தலாகாது. வரி தவிர்க்கவே புனையப்பட்ட ஏற்பாட்டைப் புறக்கணிக்கும் அதிகாரத்தை 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு தலைமை இயக்குநருக்கு வழங்குகின்றது.

நிலத்தை விற்பவருக்கு ஆலோசகர் பலர் கிடைப்பர். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் இக்கல்வியில் தேறினால், விற்கப்பட்ட தோட்டத்தின் தொழிலாளிக்கும் ஓர் ஆலோசகர் கிடைப்பார்.