வேம்பின் நிழலில் பூப்பவை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பல வீட்டு முற்றங்களில் ஒரு வேம்பு நிற்கும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு நாற்காலி இடப்படுவதும் அதன் நிழலிலேதான். அங்கே பூச்செடி வைக்க விரும்பும் குடும்பத்தினர் முதலில் நாடுவது மல்லிகையையும் ரோஜாவையும். இரண்டும் வெயிலை வேண்டுபவை. நிழலில் இலை தழைக்கும், பூ அரிதாகும்.

நிழல் மட்டுமே இடையூறன்று. மேல்மண்ணின் ஈரத்தை மரத்தின் வேர்களே உறிஞ்சிவிடுகின்றன. தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட உப்பால் பாலாற்றுப் படுகையின் பல இடங்களில் நிலத்தடி நீரும் உவர்ப்பேறியது. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். ஆகவே குறைந்த நீரில் பல்லாண்டு நிலைக்கும் செடியே நமக்குத் தக்கது.

நாங்கள் முதலிடம் தருவது கனகாம்பரத்துக்கு. அரைநிழலில் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். மணமில்லை என்பதை அதன் குறையாகச் சொல்வர். எங்களுக்கு அதுவே நிறை. கீமோதெரபி பெறுவோர் சிலருக்கு மல்லிகை மணமும் குமட்டலைத் தூண்டும். மனைவியோ மகளோ கனகாம்பரம் சூடி அருகில் அமர்ந்தால் அத்தொல்லை இல்லை.

அடுத்தது டிசம்பர் பூ. ஐப்பசி மழையில் போத்து ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். பனிக்காலத்தில் ஊதாவாய்ப் பூக்கும். வெயிலே படாத சுவரோரத்துக்கு மருள் போதும். பட்டாசுக்காய்ச் செடியோ அழையாமலே வந்து முளைப்பது. பிடுங்காமல் விட்டால் பிள்ளைகளுக்கும் விளையாட்டு.

நித்தியகல்யாணியைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து அச்செடியிலிருந்து கிடைப்பதே. ஆனால் அது தூய்மை செய்து, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் சிரையின் வழியே ஏற்றப்படுவது. இலையை மென்றால் அம்மருந்து கிடைத்துவிடாது; நஞ்சே சேரும். சர்க்கரை நோய்க்கென்று தின்பதும் அவ்வாறே. அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சாதலால், குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டா.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர், அதாவது கீமோதெரபியிலோ உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னோ இருப்பவர், மண் கிளறுவதும் சருகு அள்ளுவதும் ஆகாது. அவற்றிலுள்ள பூஞ்சைகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். அவ்வேலையை வீட்டார் செய்யட்டும். அவர் சற்று விலகி அமர்ந்து, எங்கே எதை நடுவதென்று சொல்லட்டும். பாதத்தில் உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளர் செருப்பின்றி இறங்கலாகாது.

நடும்போது வேம்பின் பெருவேர்களை வெட்டாதீர்கள். வேர்களின் இடையே சிறுகுழி எடுத்து இளஞ்செடியாகவே நடுங்கள். வறட்சி தாங்கும் செடியும் முதல் ஆண்டில் நீர் கேட்கும். ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரில் உப்பு மிகுதி. அதை ஊற்ற வேண்டா. அரிசி களைந்த நீர் போதும்.