மின்கிட்டாரின் இரைச்சல்

தஞ்சோங் பகார் அடுக்குமாடி வீடு ஒன்றில் இளையர் ஒருவர் மின்கிட்டாரை ஒலிபெருக்கியுடன் இணைக்கிறார். வாசிக்கும் முன்பே ‘உம்ம்’ என்று இரைச்சல் எழுகிறது. ஏன்?

சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவுறுகிறது. மின்கம்பிகளைச் சுற்றி உண்டாகும் அந்த அலைவைக் கிட்டாரின் கம்பிச்சுருள் ஈர்த்துக்கொள்கிறது. 1955இல் கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து இதைக் குறைத்தார்.

தந்திகளைத் தொட்டாலும் குறையாத இரைச்சல், வடம் செருகும் இடத்தின் உலோகத்தைத் தொட்டதும் குறைகிறதா? அப்படியானால் தந்திகளை நிலத்துடன் இணைக்கும் உட்கம்பி அறுந்திருக்கலாம். அதை மீண்டும் பற்றவைக்க வேண்டும்.

சிலர் இரைச்சலை நிறுத்த, ஒலிபெருக்கிச் செருகியில் உள்ள பச்சை-மஞ்சள் நிற ‘எர்த்’ கம்பியைத் துண்டிக்கின்றனர். அது பேராபத்து. மின்கசிவு ஏற்பட்டால், அக்கம்பி வழியே செல்லவேண்டிய மின்சாரம் தந்திகளைத் தொடுபவரின் உடலில் பாய்ந்து உயிரைப் பறிக்கலாம்.