வல்லார்பாடத்துப் பெட்டிகளும் மாறிக்கொண்டே இருக்கும் உருமாற்றத் தாள்களும்

வல்லார்பாடத்தில் நிமிர்ந்து நிற்கும் ராட்சதப் பளுதூக்கிகளைப் பார்க்காத கொச்சித் தமிழர் இருக்க மாட்டார். 2011 பிப்ரவரி 11 அன்று, அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த சரக்குப்பெட்டக முனையம் அது. பெட்டி ஏறுவதும் இறங்குவதும் நம் கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்கு முன்னும் பின்னும் ஓடும் மின்னணுச் செய்திகள் தெரியாது. காக்கநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் "அப்படி என்னதான்டா செய்யறே?" என்று கேட்கும் பெற்றோருக்கு, அந்த வேலைகளில் ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெட்டியின் எண் உலகெங்கும் ஒரே முறைதான்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். மற்றதெல்லாம் ஆளுக்கொரு விதம். சாதாரண இருபதடிப் பெட்டியை ஒருவர் '22ஜி1' என்பார். இன்னொருவர் பழைய வழக்கப்படி '2210' என்பார். எடையை ஒருவர் கிலோவில் தருவார், ஒருவர் டன்னில். இதில் விளையாட முடியாது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை தெரியாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. எடை பிசகினால் கப்பலின் சமநிலையே பிசகும்.

இப்படி வரும் செய்திகளை எக்ஸ்எம்எல் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்ற எக்ஸ்எஸ்எல்டி என்ற மொழி இருக்கிறது. 1999 முதல் புழக்கத்தில் உள்ளது. அதில் எழுதும் விதித்தொகுப்புதான் உருமாற்றத் தாள். செய்தியை வாங்கி, மாற்றி, உரிய இடத்துக்கு அனுப்புவது 'அப்பாச்சி கேமல்' போன்ற ஒருங்கிணைப்புச் சட்டகத்தின் வேலை.

நம்மவர்கள் பாடுபடும் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவை நினைத்துக்கொள்ளுங்கள். பல வீட்டுத் துணி வருகிறது. குறியைப் பார்த்ததும் எந்த வீடு, கஞ்சி வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டுக்காரர் "இனிமே கஞ்சி வேண்டாம்" என்றால், அதற்காகத் தோபிகானாவையே மூடுவார்களா? பழைய முறையில் கணினி அப்படித்தான் செய்தது. தாளின் பெயர் நிரலுக்குள்ளேயே பதிந்திருக்கும். புதிய கப்பல் நிறுவனம் வந்தால் நிரலை நிறுத்தித் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும். தாளை ஓட்டத்தின்போதே ஏற்றும் முறையில், செய்தி வந்த பிறகுதான் அனுப்பியவர் யார் என்று பார்த்து, அவருக்குரிய தாள் எடுக்கப்படுகிறது.

சிக்கல் இனிமேல்தான். ஒருமுறை படித்த தாளைச் சட்டகம் நினைவில் வைத்துக்கொள்ளும், வேகம் அதனால்தான். ஆனால் கோப்பைத் திருத்திய பிறகும் பழைய தாளே ஓடும்! ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகப் படிக்கச் சொல்லலாம். கேமலில் அதற்கென ஓர் அமைப்பு உண்டு. சோதனை நேரத்துக்கு அது சரி. செய்திகள் குவியும்போது ஒவ்வொன்றுக்கும் தாளைத் தொகுத்துக்கொண்டிருந்தால் வரிசை நீண்டுவிடும். நினைவிலேயே வைத்திருந்து, தாள் மாறும்போது மட்டும் பழையதைக் கழிப்பதே என் கட்சி. புதிய தாளை வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்து, பிறகு பெயர் மாற்றுங்கள். பாதி எழுதிய தாளைச் சட்டகம் படித்துவிடக் கூடாது.

இன்னொன்று. தாளின் பெயரைச் செய்தியிலிருந்தே நேராக எடுக்கக் கூடாது. உருமாற்றத் தாளுக்கு வேறு கோப்புகளைத் திறக்கும் வலிமை உண்டு. வெளியாள் தன் தாளையே நுழைத்துவிடலாம். அனுப்புபவரின் குறியீட்டை மட்டும் வாங்கி, எந்தக் குறியீட்டுக்கு எந்தத் தாள் என்பதை நம் பட்டியலில் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் செய்தியை ஏதோ ஒரு பொதுத் தாளில் தள்ளிவிடாமல் தனியே எடுத்து வையுங்கள். டன்னைக் கிலோ என்று படித்தால் இருபது டன் பெட்டி இருபது கிலோவாகிவிடும்; கணினி அதைக் கண்டு சிரிக்கக்கூடச் செய்யாது.