பெர்லினில் இத்தனை வியட்நாம் உணவகங்கள் எப்படி வந்தன?

வேலைக்கோ படிப்புக்கோ பெர்லின் போகிறவர்கள் சீக்கிரமே கவனிக்கும் ஒரு விஷயம், அங்கே இருக்கும் வியட்நாம் உணவகங்களின் எண்ணிக்கை. பாரிஸில் என்றால் காரணம் புரியும். வியட்நாமை ஆண்டது பிரான்ஸ். ஜெர்மனிக்கு அப்படி ஒரு தொடர்பே இல்லை. அப்புறம் எப்படி? பதில், பெர்லின் சுவரின் இரு பக்கமும் இருக்கிறது.

இரண்டு ஜெர்மனி, இரண்டு வழி

1990 வரை ஜெர்மனி இரண்டு நாடு. வியட்நாமியர்களும் இரண்டு வழியாக வந்தார்கள்.

1975-இல் போர் முடிந்து தெற்கு வியட்நாம் வீழ்ந்ததும், லட்சக்கணக்கானோர் படகுகளில் தப்பினார்கள். 1979 முதல் 'காப் அனமூர்' என்ற ஜெர்மன் கப்பல் அவர்களில் பலரைக் கடலில் இருந்து மீட்டது. இவர்களை மேற்கு ஜெர்மனி அகதிகளாக ஏற்றுக்கொண்டது.

கிழக்கு ஜெர்மனிக்கு வந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1980-இல் இரண்டு கம்யூனிஸ்ட் அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி, பெரும்பாலும் வடக்கு வியட்நாமில் இருந்து ஆட்கள் வந்தார்கள். சுவர் இடிந்த 1989-இல் அவர்கள் சுமார் 60,000 பேர். ஹாஸ்டலில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் இடம். சம்பளத்தில் 12 சதவீதம் வியட்நாம் அரசுக்குப் போகும். ஒரு பெண் கர்ப்பமானால் கருவைக் கலைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிலைகூட பல வருஷம் இருந்தது.

சுவர் இடிந்தது, வேலையும் போனது

சுவர் இடிந்த கொண்டாட்டம் இவர்களுக்கு இல்லை. தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்டன. கையில் 3,000 மார்க்கும் விமான டிக்கெட்டும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள்.

தங்கியவர்கள் மீது வெறுப்பும் திரும்பியது. 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரில் வியட்நாமியர்கள் வசித்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். மொட்டைமாடி வழியாகத் தப்பித்ததால் உயிர் பிழைத்தார்கள்.

இங்கேதான் உணவகம் கதைக்குள் வருகிறது. 1993-இல் ஜெர்மனி, இவர்கள் தங்குவதற்கு ஒரு வழி திறந்தது. முக்கிய நிபந்தனை, சட்டப்படியான சொந்த வருமானம். வேலை தர ஆளில்லாத ஊரில் வருமானம் காட்ட என்ன செய்வது? பூக்கடை, காய்கறிக் கடை, நூடுல்ஸ் கடை என்று சொந்தத் தொழிலில் இறங்கினார்கள். சொல்லப்போனால் அந்தச் சின்னக் கடைதான் அவர்களுக்கு விசா. கிழக்கு ஜெர்மனியில் உழைத்த வருஷங்களும் கணக்கில் சேர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போர்டில் ஏன் 'ஆசியா'?

பழைய கடைகளின் மெனுவில் சீன ஃப்ரைட் நூடுல்ஸ், வாத்து வறுவல், தாய் கறி, சுஷி எல்லாம் ஒன்றாக இருக்கும். காரணம் சிம்பிள். அன்றைய ஜெர்மன் வாடிக்கையாளருக்கு வியட்நாம் சாப்பாடு என்றால் என்னவென்றே தெரியாது, சீன சாப்பாடு தெரியும். லண்டனில் வங்கதேசத்துக்காரர்கள் 'இந்தியன்' போர்டு மாட்டியது போலத்தான் இதுவும். எது விற்குமோ அதைச் சமைத்தார்கள்.

என்ன ஆர்டர் பண்ணலாம்?

முதலில் 'ஃபோ'. மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சூப்பில் அரிசி நூடுல்ஸ். நம்ம பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ, பட்டை வாசனை தூக்கலாக இருக்கும். சூப் தெளிவாக, மேலே வெங்காயத்தாள் மட்டும் தூவி வந்தால் அது வடக்கு ஸ்டைல். கொஞ்சம் இனிப்பாக, பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முளைப்பயறும் துளசி வகை இலைகளும் வந்தால் அது தெற்கு ஸ்டைல். இப்போது பல கடைகளில் இரண்டும் கலந்துவிட்டது. ஆனாலும் சமைப்பவரின் குடும்பம் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்பதற்கு கிண்ணத்திலேயே ஒரு க்ளூ கிடைக்கும்.

'புன் சா' கிடைத்தால் விடாதீர்கள். சுட்ட பன்றி இறைச்சி, சேமியா மாதிரி மெல்லிய அரிசி நூடுல்ஸ், இலைகள், தொட்டுக்கொள்ள மீன் சாஸ் கலந்த புளிப்பும் இனிப்புமான சாறு. இது ஹனோய் ஸ்பெஷல்.

சைவமா? 'சய்' என்று கேளுங்கள். வியட்நாம் மொழியில் அதுதான் சைவ உணவுக்கான சொல். வெறும் "கறி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. எலும்பு சூப்பும் மீன் சாஸும் உள்ளே இருக்கலாம்.

இன்னும் அசலாக வேண்டுமா? கிழக்கே லிச்டன்பர்க் பகுதியில் 'டோங் சுவான் சென்டர்' இருக்கிறது. ஹனோயின் பழைய சந்தையின் பெயர் அது. கிழக்கு ஜெர்மனி காலத்துத் தொழிற்சாலை வளாகம் ஒன்றில் 2005-இல் திறந்தார்கள். நெயில் பாலிஷ் மொத்த வியாபாரம் முதல் மீன் கடை வரை பெரிய பெரிய கூடங்களில் நடக்கும். இடையிடையே சாப்பாட்டுக் கடைகள்.

இன்று பெர்லினில் புதுக் கடை திறக்கும் பலர், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அப்பா அம்மா 'ஆசியா' என்ற போர்டுக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டை, அவர்கள் வியட்நாம் மொழிப் பெயரோடு மெனுவின் முதல் வரியில் எழுதுகிறார்கள்.