சொட்டுத்தானே, ஐயா!

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்பவர்கள் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காண்பார்கள். ஒன்று, சுண்ணாம்புக் கல்லையும் சிமெண்டையும் சுமந்துகொண்டு வரிசை வரிசையாகப் போகும் லாரிகள். மற்றொன்று, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் காடுகளின் நடுவே ஆங்காங்கே தென்படும் கிணறுகள். லாரிக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதலானோம்.

சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் நாம் அப்பக்கம் போயிருந்தோம். வழியில் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று. ஊரும் பேரும் வேண்டாம். வேப்ப மரத்தடியில், இரண்டு கட்டைகளின் மேல், டீஸல் பீப்பாய் ஒன்று படுத்திருந்தது. அதன் குழாயிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டேயிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கடியில் கொட்டாங்கச்சி ஒன்றை வைத்திருந்தார். அது என்றோ நிரம்பி வழிந்துவிட்டது. சுற்றிலும் ஒரு பாய் அகலத்துக்கு மண் கறுத்துக் கிடந்தது. பத்தடி தூரத்தில் ஓர் அடிபம்பு. அதில் ஒரு பெண் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நாம் பீப்பாயைச் சுட்டிக் காட்டியதும் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "சொட்டுத்தானே, ஐயா! மண்ணு குடிச்சுடும்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. மண் குடித்துத்தான் விடும். குடித்த எண்ணெய் பிறகு எங்கே போகிறது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டுகள். நாற்பது சொட்டு சேர்ந்து ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், நாள் ஒன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் ஆகிறது. ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 790 லிட்டர். அதாவது நான்கு பீப்பாய். நான்கு பீப்பாய் டீஸலை ஒரே நாளில் அடிபம்பின் அருகில் யாராவது கவிழ்த்தால் ஊரே திரண்டு சண்டைக்கு வரும். சொட்டுச் சொட்டாகக் கவிழ்த்தால் ஒருவரும் கேட்பதில்லை!

சுன்னாகத்துக் கிணறுகள்

மண் குடித்த எண்ணெய் எங்கே போகிறது என்பதை நம் சகோதரத் தமிழர்கள் பெருங் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஜீவநதி ஒன்றுகூடக் கிடையாது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அங்குள்ளவர்கள் நம்பியிருப்பது சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கி நிற்கும் மழை நீரைத்தான். சந்தைக்குப் பேர்போன சுன்னாகத்தில் எண்ணெயை எரித்து மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையம் இருந்தது. அதைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் வாடை வீசுகிறது, ஜலத்தின் மேல் படலம் மிதக்கிறது என்று ஜனங்கள் முறையிட்டார்கள். 2014, 2015 வருஷங்களில் இது பெருங் கிளர்ச்சியாயிற்று. கிணற்றை வாசலில் வைத்துக்கொண்டே, குடிநீர் கொண்டு வரும் வண்டிக்காக ஜனங்கள் காத்து நிற்க நேர்ந்தது. கிணறுகளில் எண்ணெய் உண்மையாகவே கலந்ததா என்று நிபுணர்களிடையே கூட வாதம் நடந்தது. கடைசியில் 2019 ஏப்ரலில் இலங்கை சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து, மின் நிலையத்தை நடத்திய கம்பெனி 2 கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

பணம் வரும், நீதியும் வரும். ஆனால் பாறைக்குள் புகுந்த எண்ணெயைத் திரும்ப எடுப்பது எளிதன்று. நதியில் கலந்த அழுக்கை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். நிலத்தடி நீரோ மிக மெதுவாக நகர்வது. எண்ணெயில் ஒரு பகுதி நீரின் மேல் மிதக்கும்; ஒரு பகுதி மண்ணிலும் கல் இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும்; ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாமல் நீரிலேயே கரையும். ஒவ்வொரு மழைக்கும் நீர் மட்டம் ஏறி இறங்கும்போது, ஒட்டியிருந்தது மறுபடியும் கிளம்பும்.

அரியலூரின் நிலமும் சுண்ணாம்பு நிலமே. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் அலை புரண்டது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் இன்றும் சிப்பிகளைக் காணலாம். யாழ்ப்பாணத்துப் பாறை வேறு, வயது வேறு. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சிமெண்டுக்காக இங்கே பூமியை ஆழத் தோண்டியிருக்கிறார்கள். சுரங்கக் குழி என்பது நிலத்தடி நீருக்குத் திறந்து வைத்த ஜன்னல் போன்றது. அந்தக் குழிகளில் வேலை செய்யும் பெரிய யந்திரங்களுக்கு டீஸல் அங்கேயே கொண்டுபோய் ஊற்றப்படுகிறது. பெரம்பலூரின் மேற்கே இருப்பது கருங்கல் நிலம். அங்கே பாறையின் வெடிப்பில் ஊறும் நீர்தான் கிணற்றுக்கு வருகிறது. அதே வெடிப்பு எண்ணெய்க்கும் வழி விடும்.

தரை, சுவர், வால்வு

எண்ணெய்த் தொட்டி என்றாவது ஒரு நாள் ஒழுகும் என்று எண்ணிக்கொண்டே அதை அமைக்க வேண்டும். இதுவே எண்ணெய்க் கிடங்கு சாஸ்திரத்தின் முதற் பாடம். தொட்டி துருப்பிடிக்கும், குழாயின் இணைப்பு தளரும், ஊற்றுகிறவன் அயர்ந்துவிட்டால் நிரம்பி வழியும். அப்போது எண்ணெயைப் பிடித்து நிறுத்துவன மூன்று.

முதலாவது, தரை. தொட்டியின் கீழேயும் சுற்றிலும் எண்ணெய் ஊடுருவாத சிமெண்டுத் தளம் வேண்டும். சிமெண்டு விளையும் ஜில்லாவில் சிமெண்டுத் தளத்துக்குப் பஞ்சம் என்றால் பிறர் நகைக்க மாட்டார்களா?

இரண்டாவது, சுவர். தொட்டிகளைச் சுற்றி எழுப்பும் தடுப்புச் சுவர், அவற்றில் மிகப் பெரிய தொட்டியின் எண்ணெய் முழுவதையும் கொள்ள வேண்டும். பத்தில் ஒரு பங்கு அதிகமாகவும் இடம் இருப்பது நலம். 20,000 லிட்டர் தொட்டிக்கு 22,000 லிட்டர் கொள்ளும் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் உயரம் இருந்தால் 22,500 லிட்டர் பிடிக்கும். போதும் என்று தோன்றும். ஆனால் ஐப்பசியில் பத்து சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டினால் அந்தச் சுவருக்குள் 3,000 லிட்டர் தண்ணீர் தேங்கிவிடுகிறது. மீதி இடம் 19,500 லிட்டர். தொட்டி அன்றிரவு உடைந்தால் சுவர் வழிந்துவிடும்!

ஆகையால் மழை நீரை வெளியேற்ற ஒரு வால்வு வைக்கிறார்கள். இதுவே மூன்றாவது. மூன்றிலும் சிறியது; மூன்றிலும் பெரிய ஆபத்து இதிலேதான். மழை நீரைத் திறந்துவிட்டவன் மூட மறந்தால், லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய சுவர் வெறும் அலங்காரமே. வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். தேங்கிய நீரின் மேல் படலம் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே திறக்க வேண்டும். திறந்தவன் மூடும்வரை அங்கேயே நிற்க வேண்டும். திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு பூட்டும் ஒரு நோட்டும் போதும்.

வெள்ளம் வந்தபோது

வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணூர் காட்டியது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தாக்கியது. மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்ஹாம் கால்வாயில் புகுந்து, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் வேர்களில் எண்ணெய் அப்பிக்கொண்டது. கூழைக்கடாக்கள் சிறகு நனைந்து தவித்தன. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு கையாலேயே எண்ணெயை மொண்டு ஊற்றிய காட்சியைத் தேசமே பார்த்தது. குழாய் எதுவும் உடையவில்லை, வெள்ளம் கொண்டுபோனது என்று ஆலையின் தரப்பில் சொன்னார்கள். இருக்கட்டும். வெள்ளம் கொண்டு போகும்படி எண்ணெய் ஏன் அங்கே கிடந்தது என்ற கேள்வி நிற்கத்தானே செய்கிறது?

கடலோரத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று பெரம்பலூர்க்காரர்கள் சொல்ல முடியாது. பெரும்பாலான மாதங்களில் மணலாய்க் கிடக்கும் மருதையாறு என்ன செய்யக் கூடியது என்பதை 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலை அரியலூர் அறிந்தது. வெள்ளம் பாலத்தை அரிக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த ஆறு கொள்ளிடத்தில் சேருகிறது. அரியலூர் ஜில்லாவின் கரைவெட்டி ஏரியோ, தூர தேசத்துப் பறவைகள் வந்து தங்கும் இடம். 2024-ல் ராம்சார் ஈரநிலங்களின் ஜாபிதாவில் இடம் பெற்றது. எண்ணூரில் கூழைக்கடாவுக்கு நேர்ந்தது கரைவெட்டியில் வரித்தலை வாத்துக்கு நேர வேண்டாம்.

சிந்திவிட்டால்?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் சிந்தும். அப்போது முதல் சில நிமிஷங்களே முக்கியம். 2009 அக்டோபர் 29-ந் தேதி ஜெய்ப்பூர்க் கிடங்கில் பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கு மேல் பீறிட்டது. அருகில் சென்று அடைக்க ஒருவராலும் முடியவில்லை. ஆவி மேகம்போல் சூழ்ந்து வெடித்தது. பத்துப் பேருக்கு மேல் உயிர் துறந்தார்கள். தீ பல நாள் எரிந்தது.

ஆகவே முதலில் நெருப்பை விலக்க வேண்டும்: பீடி, அடுப்பு, மோட்டார் ஸ்விச்சு எதுவும் கூடாது. ஆபத்தில்லையென்றால் வால்வை மூட வேண்டும். அடுத்தபடி சாக்கடையையும் வாய்க்காலையும் மணல் மூட்டைகளால் அடைக்க வேண்டும். பிறகே சிந்தியதன் மேல் மணலோ மரத்தூளோ போட்டு அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவுவதும் சோப்புத் தூள் போடுவதும் கூடவே கூடாது. அழுக்கு மறையும், ஆனால் கிணற்றுக்கே போய்ச் சேரும். ஏரியிலோ வாய்க்காலிலோ புகுந்துவிட்டால், வைக்கோலைப் புரிகளாகக் கட்டிக் குறுக்கே மிதக்கவிட்டால் ஓரளவு தடுக்கும். அள்ளிய மண்ணைக் குளக்கரையில் கொட்டாமல் தார்ப்பாயின் மேல் வைத்து மூடி, அதற்கென உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். தீயணைப்புப் படைக்கு 101, ஜில்லா கலெக்டர் ஆபீஸின் பேரிடர் அறைக்கு 1077.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. கிணற்று நீரின் மேல் வானவில் நிறப் படலம் தெரிந்தால் குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்தை உண்ணும் நுண்ணுயிரின் வேலை. கலைத்ததும் மறுபடி ஒன்றாகக் கூடினால் எண்ணெயென்று சந்தேகிக்க வேண்டும். உடனே குடிப்பதை நிறுத்தி, நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றை அதிகமாக இறைப்பதும் தவறு. அது எண்ணெயைத் தன் பக்கம் இழுக்கும்.

யாருடைய பொறுப்பு?

பெரிய கிடங்குகளை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு இலாகா கண்காணிக்கிறது. ஆனால் 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, ஒவ்வொரு பாத்திரமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல் மொத்தம் 2,500 லிட்டர் வரை டீஸல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டியதில்லை. பட்டறை, கல்குவாரி, டிராக்டர் சொந்தக்காரர் ஆகியோரின் பீப்பாய்கள் எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டார். வைத்திருப்பவரின் மனச்சாட்சியே இன்ஸ்பெக்டர்.

அரியலூர் ரயில் விபத்துக்குப் பிறகு, ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தம் பதவியைத் துறந்தார். மழையை அவர் பெய்விக்கவில்லை. பாலத்தை அவர் கட்டவில்லை. ஆயினும் பொறுப்பு தம்முடையது என்றார். அந்த மண்ணிலே, ஒரு பீப்பாயின் குழாய்க்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை என்றால் அது நமக்கு அழகல்ல.

பட்டறைக்காரரிடம் மேற்சொன்ன சொட்டுக் கணக்கை நாம் விவரமாகச் சொன்னோம். நிலத்தடி நீரைப் பற்றிச் சொன்னபோது மரியாதைக்குத் தலையசைத்தார். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் டீஸல் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் போகிறது என்று சொன்னவுடன், "டேய், ஸ்பானர் எடுத்தா!" என்று குரல் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் சொட்டு நின்றது. கறுத்த மண்ணை மழைக்கு முன் வெட்டி அள்ளிவிடுவதாகவும் வாக்களித்தார். அதற்குள் வடக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.