‘டொக்’ என்று கேட்கிறதா?

புனேயின் வானவடியில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் வீடு என்றால் பரணில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி கண்டிப்பாக இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் புறப்பட்டு ஜோத்பூர், தேஜ்பூர், அம்பாலா என்று சுற்றிவிட்டுக் கடைசியில் புனேயில் இறங்கிய பெட்டி. கம்பளி, மெடல், கல்யாண ஆல்பம் எல்லாவற்றுக்கும் அடியில், தோல் உறைக்குள் ஒரு கேமரா. நான் பார்த்தவரை அது பெரும்பாலும் யாஷிகா. அதிலும் எலக்ட்ரோ 35.

ஃபோனில் படம் எடுத்து அலுத்துப்போன பேரனோ பேத்தியோ இப்போது அதைக் கீழே இறக்குகிறார்கள். “இது ஓடுமா தாத்தா?” என்று கேட்டால் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “ஓடாம என்ன? ஒரு தடவகூடக் கீழ விழல. உறையோட அப்படியே வச்சிருக்கேன்.”

அந்த ‘அப்படியே வச்சிருக்கேன்’தான் வில்லங்கம். ஃபிலிம் கேமரா ஓடி ஓடித் தேய்ந்துபோவது அபூர்வம். சும்மா கிடந்து கெடுவதே அதிகம். இரும்பும் பித்தளையும் 50 வருஷம் கழித்தும் நன்றாகத்தான் இருக்கின்றன. ரப்பர், ஃபோம், கிரீஸ், செல் ஆகிய நான்கும்தான் பரணில் கிடந்தபடியே சாகின்றன.

எலக்ட்ரோ 35 வரிசை 1960களின் நடுவில் ஜப்பானில் வந்தது. நம் ஊர்களில் அதிகம் கண்ணில் படும் ஜி.எஸ்.என். மாடல் 1973-ஐச் சேர்ந்தது. 45 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ். அபர்ச்சரை நாம் வைத்தால் போதும், ஷட்டர் வேகத்தை உள்ளேயிருக்கும் மின்சுற்று தானே முடிவு செய்துகொள்ளும். அதிகபட்சம் 500-ல் ஒரு வினாடி. இருட்டில் 30 வினாடிவரை திறந்தே இருக்கும். வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் விளக்கு, கூடினால் சிவப்பு. ஷட்டர், அபர்ச்சர் கணக்கெல்லாம் தெரியாதவர் கையிலும் கல்யாணப் படம் பழுதில்லாமல் வந்ததற்கு இதுதான் காரணம். யாஷிகா கம்பெனி 1983-ல் கியோசெராவிடம் போனது. 2005-ல் கியோசெரா கேமரா தொழிலையே மூடுவதாக அறிவித்துவிட்டது. இனி பாகம் கேட்க ஒரு விலாசம் கிடையாது.

இந்தக் கேமராவைக் கையில் எடுத்ததும் விவரம் தெரிந்தவர்கள் லென்ஸைப் பார்ப்பதில்லை. காதருகே வைத்து லீவரை ஒருமுறை முழுதாகச் சுற்றுவார்கள். பாதி வழியில் உள்ளேயிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வெறும் பல்சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டால், உள்ளே ஒரு ரப்பர் துண்டு செத்துவிட்டது என்று அர்த்தம்.

உளுந்து அளவுதான் இருக்கும் அந்த ரப்பர். ஷட்டர் பட்டனை அழுத்தும்போது உள்ளே ஒரு தண்டு கீழே இறங்கும். லீவரைச் சுற்றும்போது மேலே ஏறி நிற்கும். அது எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இந்தத் துண்டு. வருஷக்கணக்கில் கிடந்தால் ரப்பர் கரைந்து பிசுபிசுவென்று கறுப்புப் பசையாகிவிடும். தண்டு உரிய இடத்துக்குத் திரும்பாது. அதை நம்பியிருக்கும் மின்தொடர்புகள் தப்பான நேரத்தில் திறந்து மூடும். விளக்கு எரியாது, அல்லது எரிந்தும் வேகம் சொன்னபடி இருக்காது. உடனே ‘எலக்ட்ரானிக்ஸ் போச்சு, இனி தேறாது’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உலகமெங்கும் இந்தக் கேமராவை நேசிப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மரணத் துண்டு’. கொஞ்சம் மிகையான பெயர்தான். மாற்றினால் கேமரா எழுந்து உட்கார்ந்துவிடுகிறதே.

மாற்றுவது ஒன்றும் மந்திர வித்தை இல்லை. ஆனால் அவசரக்காரருக்கு ஆகாது. முகப்பில் லென்ஸுக்கு இருபுறமும் ஒட்டியிருக்கும் தோலை ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். காய்ந்திருந்தால் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டுக் காத்திருக்க வேண்டும். அடியில் ஸ்க்ரூக்கள் தெரியும். இங்கேதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். ஜப்பான் கேமரா ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் சிலுவை நம் கடையில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்கானது அல்ல. ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் செய்த டிரைவர் வேண்டும். சாதாரண டிரைவர் வழுக்கி, தலையை மழுக்கிவிடும். மழுங்கிய ஸ்க்ரூவைக் கழற்றுவது தனித் துன்பம். லென்ஸ் பலகையை மெல்ல முன்னால் இழுத்தால் வயர்களும் கூடவே வரும். பதறி இழுத்தால் அறுந்துவிடும். பழைய பசையை ஸ்பிரிட் தொட்ட குச்சியால் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதுத் துண்டை ஒட்ட வேண்டும். சைக்கிள் ட்யூபில் வெட்டி ஒட்டுகிறவர்களும் உண்டு. இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்கு அதுவும் கரையும். கரையாத நைலான் துண்டைத் தேடி வைப்பதே நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது செல். இந்தக் கேமராவுக்கென்று வந்தது 5.6 வோல்ட் பாதரச செல். பாதரசம் விஷம் என்று உலகம் முழுக்க அதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கா 1996-லேயே சட்டம் போட்டது. செல் இல்லை என்பதால் கேமராவே உதவாது என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வாட்ச் கடையிலும் பொம்மைக் கடையிலும் கிடைக்கும் எல்.ஆர். 44 பட்டன் செல் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சார்ட் பேப்பரை உருட்டிய குழாய்க்குள் வைத்து, மீதி இடத்தை ஒரு சின்ன ஸ்பிரிங்கால் நிரப்பினால் 6 வோல்ட் கிடைத்துவிடும். அந்தக் கூடுதல் 0.4 வோல்ட் எலக்ட்ரோவின் மின்சுற்றைக் குழப்புவதில்லை. எல்லாக் கேமராவுக்கும் இந்தத் தைரியம் கூடாது. மின்னழுத்தம் கொஞ்சம் மாறினாலும் லைட் மீட்டர் பொய் சொல்லும் மாடல்கள் பல உண்டு. செல்லைப் போட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் பட்டனை அழுத்தினால், படம் எண்ணும் சின்ன ஜன்னலில் பச்சை வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் செல் அறையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். 1980களில் போட்ட செல் அப்படியே உள்ளே இருந்து கசிந்திருக்கும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பின்னால் ஸ்பிரிட்டால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். வயருக்குள்ளேயே பச்சை ஏறியிருந்தால் அந்த வயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பின்கதவின் ஓரக் காடிகளில் வைத்திருக்கும் ஃபோமும் இதற்குள் பிசினாகியிருக்கும். ஆரஞ்சு நிறக் கோடு விழுந்த படங்கள் அதன் கைங்கரியம். சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்புக் கம்பளி நூலையோ மெல்லிய கறுப்பு ஃபோமையோ வைத்தால் முடிந்தது.

எண்ணெய் விடாதீர்கள். லீவர் இறுகினால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு என்பது நம் வீடுகளின் சர்வரோக நிவாரணி. ஷட்டர் தகடுகள் காய்ந்து இருந்தால்தான் ஓடும். அவற்றில் எண்ணெய் இறங்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் தகரக் கூரையின் கீழ் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்து, பழைய கிரீஸே இளகி ஷட்டருக்குள் இறங்கியிருப்பது போதாதா?

வெயில் ஒரு பங்கு என்றால் மழை மூன்று பங்கு. ஜூனில் தொடங்கி செப்டம்பர்வரை புனேயில் துணி காயாது, உப்பு கசியும், அப்பளம் நமுத்துப்போகும். லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இந்த மாதங்களில்தான். அதற்கு வேண்டியது மூன்று: ஈரம், இருட்டு, அசையாத காற்று. தோல் உறை மூன்றையும் தாராளமாகக் கொடுக்கிறது. மழைக்காலத்தில் தோல் ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல லென்ஸுக்கு ஊட்டுகிறது. தோலே பூஞ்சைக்குத் தீனியும்கூட. ஆசையாகப் பொத்திவைத்த பொருளுக்கு அப்படிப் பொத்திவைத்ததே எமனாகிறது. உறையை அலமாரியில் தனியாக வையுங்கள். ஊர்வலம் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

பூஞ்சை ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து, கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியில் மெல்லிய நூல்கள் கிளைவிட்டிருப்பது தெரியும். அது வெறும் அழுக்கு இல்லை. சுரக்கும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சை அரிக்கும். நாள் கடந்தால் கண்ணாடியிலேயே தடம் விழும். சீக்கிரம் பிடித்தால் ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் கலந்து துடைத்து எடுப்பார்கள். வெயிலில் வைத்தால் பூஞ்சை சாகும் என்பது பாதி உண்மை. செத்தாலும் தடம் போகாது. அரிசி டப்பாவுக்குள் கேமராவைப் புதைத்து வைப்பது சுத்த அபத்தம். மாவுத் தூசிதான் உள்ளே போகும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நல்லது. 30-க்குக் கீழே போனால் தோலும் பசையும் வெடிக்கும். ஜெல் நிறம் மாறியதும் எடுத்து, மிதமான சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அதற்குத் தோசைக்கல்லைத் தொடாமல் ஒரு பழைய வாணலியை ஒதுக்கிவிடுவது குடும்ப சமாதானத்துக்கு நல்லது. நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் படக் கூடாது.

இவ்வளவையும் செய்துதர ஆள் கிடைப்பாரா என்பதுதான் பெரிய கேள்வி. கேமராவை மட்டுமே நம்பிப் பிழைத்த மெக்கானிக்குகள் டிஜிட்டல் வந்ததும் கடையை மூடிவிட்டார்கள். ஆனால் இந்தக் கைத்திறன் கேமராக் கடையில்தான் பிறக்க வேண்டும் என்று இல்லை. ஆலப்புழையில் ஹார்மோனியம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திடம், துருத்தி கிழிந்த தன் ஸ்டூடியோ கேமராவை ஒரு போட்டோகிராபர் கொண்டுவந்து கொடுத்தார். ஹார்மோனியத்துக்கும் துருத்தி, கேமராவுக்கும் துருத்தி. அதைச் சரிசெய்த கருணாகரன், பிறகு தேக்கிலும் பித்தளையிலும் தானே கேமரா செய்யத் தொடங்கினார். ‘வாகீஸ்வரி’ என்ற அந்தக் கேமரா 1940களிலிருந்து பல பத்தாண்டுகள் இந்திய ஸ்டூடியோக்களில் நின்றது. இன்றைக்கும் ரேடியோ, வாட்ச் மெக்கானிக்கின் கைகளுக்கு எலக்ட்ரோவின் ஸ்க்ரூவும் வயரும் அந்நியம் இல்லை. இந்த மாடலில் எங்கே ஒடியும், எங்கே ஒட்டும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

பாகத்துக்கு ஒரே வழி, ஒரு கேமராவைப் பலிகொடுத்து இன்னொன்றைப் பிழைக்கவைப்பது. புனேயின் ஜூனா பஜார் புதனும் ஞாயிறும் கூடுகிறது. இரும்புச் சாமான், பழைய பூட்டு, கிராமபோன் தட்டு நடுவே செத்த கேமராக்களும் கிடக்கும். லென்ஸ் உடைந்து மேல்மூடி நன்றாக இருக்கும் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவைத்தால், மேல்மூடி நசுங்கி லென்ஸ் நன்றாக இருக்கும் இன்னொன்றுக்கு ஆகும். வாங்கும்போதும் காதருகே வைத்து லீவரைச் சுற்றிப் பாருங்கள். ‘டொக்’ கேட்டால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது; விலை ஏறிவிடும்.

ஓடிக்கொண்டே இருக்கும் கேமரா பிழைக்கும் என்பதற்குக் கோடம்பாக்கம் சாட்சி. ஆரிஃப்ளெக்ஸ் 2 சி என்ற ஜெர்மன் சினிமா கேமரா சத்தம் போடும். அதனால்தான் வசனத்தைப் பின்னால் டப்பிங் பேசினார்கள். அது 1960களில் வந்த மாடல். தினமும் துடைத்து, எண்ணெய் விட வேண்டிய இடத்தில் மட்டும் விட்டு, பத்தாண்டுகள் தாண்டியும் ஓட்டினார்கள். வீட்டுக் கேமராவுக்கும் அதே விதிதான். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, காலியாகவே பத்துத் தடவை லீவரைச் சுற்றி, எல்லா அபர்ச்சரிலும் பட்டனை அழுத்தி, பிறகு செல்லைக் கழற்றி டப்பாவுக்குள் வைக்க வேண்டும்.

கேமரா பிழைத்துவிட்டது, ஃபிலிம்? ஊட்டி இந்து நகரில் 1960-ல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் கறுப்பு வெள்ளை ரோலும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. வெலிங்டன் சிப்பாய்க்கு அது அடுத்த ஊர்த் தொழிற்சாலை. அது இப்போது இல்லை. இனி எல்லா ரோலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலையும் அப்படித்தான். ஆகவே சோதனை ரோல் ஒன்றை வீணாக்காமல் கணக்காகச் சுடுவது நல்லது. வானவடியில் அதற்குத் தோதான இடம் ஷிண்டே சத்ரி. 1794-ல் இங்கே இறந்த மகாத்ஜி ஷிண்டேயின் நினைவிடம். வெளி முற்றத்தில் ஒரே சுவரில் சுள்ளென்ற வெயிலும் அடர்ந்த நிழலும் கிடைக்கும். நிழலில் இருக்கும் ஒரே காட்சியை, சிவப்பு விளக்கு எரியாதபடி பார்த்துக்கொண்டு, எஃப் 16, எஃப் 8, எஃப் 4 என்று மாற்றி எடுங்கள். மூன்று நெகடிவும் ஒரே அடர்த்தியில் வந்தால் ஷட்டர் உண்மை பேசுகிறது. அபர்ச்சர் திறக்கத் திறக்க நெகடிவ் கறுத்துக்கொண்டே போனால் மின்சுற்று இன்னும் தூங்குகிறது. செல் சரியாக உட்காரவில்லை, அல்லது அந்த ரப்பர் துண்டு மறுபடி நழுவியிருக்கிறது.

முதல் ரோல் கறுப்பு வெள்ளையாக இருந்தால் வீட்டிலேயே கழுவிவிடலாம். மருந்துத் தண்ணீர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதம் அதற்கு ஐஸ் கட்டியோடு மல்லாட வேண்டியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் வானவடிக் குழாயில் காலையில் பிடிக்கும் தண்ணீரே ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். தெர்மாமீட்டரை ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.