பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தனுப்பலாம்?



இப்போது நமது லயங்களில் பிறந்தநாள் என்றால் கேக்கும் பலூனும் மட்டும் போதாது என்றாகிவிட்டது. வந்த பிள்ளைகள் திரும்பிப் போகும்போது ஆளுக்கொரு பார்சல் கொடுக்கிறோம். டவுனில் பார்த்து வந்த பழக்கம். அது பிழை என்று சொல்ல வரவில்லை. வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கு மனசு வரும்? ஆனால் கடைக்குப் போகுமுன் இரண்டு விசயம் யோசிக்க வேண்டும். ஒன்று கடன். மற்றது பிள்ளைகளின் உயிர்.

பன்னிரண்டு பிள்ளைகளைத்தான் கூப்பிட்டோம் என்பீர்கள். லயத்தில் அது நடக்கிற காரியமா? கேக் வெட்டும் நேரம் மேல் லயத்துப் பிள்ளைகளும் வரும், அக்கா இடுப்பில் தங்கச்சியும் வரும். 25 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பார்சல் 200 ரூபாய் என்றால் 5,000 ரூபாய். அது எத்தனை நாள் பேர் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

செலவு உங்கள் வீட்டோடு நிற்பதும் இல்லை. ஒரு டிவிசனில் ஒரு வீட்டார் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணிப் போத்தல் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். அடுத்த மாதம் பக்கத்துக் காம்பராவில் பிறந்தநாள். அந்தத் தாய் கிழமைக் கடன் கட்டுகிறவர். "அவங்க போத்தல் குடுத்தாங்க, நான் பென்சிலக் குடுத்தா என்ன நினைப்பாங்க ஐயா?" என்று என்னிடம் கேட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, கேக்கே வெட்டாமல் கதவைச் சாத்திவிட்டார். ஆகவே உங்கள் கையில் இருக்கும் காசை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லயத்தில் ஆகக் கஷ்டப்பட்ட வீட்டாரும் திருப்பிச் செய்யக்கூடிய சாமானாக வாங்குங்கள்.

அடுத்தது ஆபத்து. மலிவு என்று வாங்கும் லைட் எரியும் மோதிரம், சத்தம் போடும் பொம்மை போன்றவற்றில் பொத்தான் மாதிரி ஒரு சின்னப் பற்றரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்திலேயே குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். "நாளைக்கு வெளியே வந்துரும்" என்று காத்திருக்கவும் வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

கடினமான டொபியும் கச்சானும் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆகாது. மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். உடைந்த பலூன் துண்டு அதைவிட மோசம், தொண்டையில் தோல் போல ஒட்டிக்கொள்ளும். விருந்து முடிந்ததும் முதல் வேலையாக அந்தத் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். விளையாட்டுச் சாமான் வாங்கும்போது டோர்ச்சுக்குப் போடும் பெரிய பற்றரியை மனதில் வையுங்கள். அதைவிடப் பருமன் குறைந்த சின்னச் சாமானை 3 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு பென்சிலும் ஒரு சின்னக் கொப்பியும் போதும். தனித்தனியாக வாங்காமல் டசின் கணக்கில் வாங்கினால் விலை குறையும். பக்கத்து வீட்டிலும் அதே மாதம் பிறந்தநாள் என்றால் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே வாங்கலாம். பிள்ளை மடுவத்துப் பிள்ளைகளுக்கு ஒரு லேஞ்சியில் இரண்டு மாரி பிஸ்கட்டைச் சுற்றிக் கொடுங்கள். அந்தப் பார்சலைத் தாயின் கையில் கொடுப்பது நல்லது. பரிசு கொண்டுவந்த பிள்ளைக்கு ஒன்று, வெறுங்கையோடு வந்த பிள்ளைக்கு வேறொன்று என்று மட்டும் பிரிக்காதீர்கள். பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

எண்ணியதற்கு மேல் ஐந்து பென்சிலாவது கூடுதலாக வைத்திருங்கள். மிஞ்சினால் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுவிடலாம்.